பழைய ஏடும் புதிய யந்திரமும்

தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழும் நம்மவர்கள் ஓர் ஊரில் ஐம்பது குடும்பமாகச் சேர்ந்துவிட்டால் முதலில் செய்வது ஒரு சங்கம் அமைப்பது. அடுத்தபடியாகச் செய்வது அச்சங்கத்தில் ஒரு நூலகம் வைப்பது. வட இந்திய நகரம் ஒன்றிலுள்ள அத்தகைய நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் உதவி செய்து வருகிறேன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். பட்டம் பெற்றது கலைத் துறையில். கணினி இயலில் அன்று. ஆகையால் நான் இப்போது சொல்லப்போவதை ஒரு நிபுணரின் உபதேசமாகக் கொள்ளாமல், தடுக்கி விழுந்தவன் வழியில் கிடக்கும் கல்லைச் சுட்டிக் காட்டுவதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் நூலகத்தின் பட்டியல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு கணினியில் ஏற்றப்பட்டது. அதனைச் செய்தவர் ஓர் உறுப்பினர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘அக்செஸ்’ என்னும் தரவுத்தளத்தில் அவர் அதை அமைத்தார். நூலின் பெயர், ஆசிரியர், அலமாரி எண் ஆகியவற்றோடு, அந்நூலை அளித்தவர் யார், எந்த ஆண்டில் அளித்தார் என்பதையும் ஒரு பத்தியில் குறித்து வைத்தார். பின்னர் பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். பட்டியல் மட்டும் பழுதின்றி நடந்து வந்தது. ‘எக்ஸெல்’ தாளைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அது தரவுத்தளத்திலிருந்து விவரங்களை வாங்கி வரிசையாகக் காட்டும்.

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவடைந்தது. ஆகவே சங்கத்தார் விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி ஒன்றை வாங்கினார்கள். இளைஞர் ஒருவர் பழைய யந்திரத்திலிருந்த கோப்பைப் புதியதற்குக் கொண்டுவந்து, இணைப்பையும் முறைப்படி அமைத்தார். பொத்தானை அழுத்தியபோது, விவரங்களுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது. டிரைவருக்கும் நிரலுக்கும் கட்டமைப்பில் பொருத்தமில்லை என்பது அதன் பொருள்.

மூன்று ஞாயிறுகள் முயன்றபின் இளைஞர் ஒரு முடிவுக்கு வந்தார். “கோப்பு கெட்டுவிட்டது சார். நூல்களின் பெயரை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். கொடுத்தவர் பெயரெல்லாம் இனி எதற்கு?” என்றார். பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. நூலகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அதுவரை பேசாமல் இருந்தார். “தம்பி, அந்தப் பத்தியில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. அவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள் என்பதற்கு வேறு எங்கே எழுத்து இருக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை. ஆகையால்தான் பிழையின் வேரைத் தேடத் தொடங்கினோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: இத்தகைய பிழைச் செய்தி தோன்றினால் தரவு அழிந்துவிட்டது என்று பொருளன்று. கோப்பு அப்படியே இருக்கிறது. அதனிடம் பேசச் சென்ற தூதர்தாம் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறார்.

இங்கே மூன்று பொருள்களைப் பிரித்தறிவது அவசியம். விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளம் ஒன்று. அவ்விவரங்களைக் கேட்கும் நிரல் மற்றொன்று. எங்களுக்கு அது எக்ஸெல். இவ்விரண்டுக்கும் இடையே நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரிய வைக்கும் சிறு நிரல் மூன்றாவது. அதற்கே டிரைவர் என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக விளங்கினார் என்று சரித்திரத்தில் படித்திருக்கிறோம். துபாஷி என்றால் இரு பாஷைகளை அறிந்தவர். டிரைவரும் ஒரு துபாஷியே.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு தரவுத்தளத்தோடும் பேசுவதற்குத் தனித்தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்கும் பொருட்டு 1992-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ‘ஓ.டி.பி.சி.’ என்னும் பொது முறையை வெளியிட்டது. நிரல் தன் கேள்வியைப் பொதுவான முறையில் கேட்கும். டிரைவர் மேலாளர் என்னும் பகுதி, உரிய டிரைவரை அழைத்து வரும். எந்தத் தரவுத்தளம், அது எங்கே இருக்கிறது, எந்த டிரைவர் என்னும் குறிப்புகளை ஒரு பெயரின்கீழ் பதிந்து வைப்பார்கள். அப்பெயருக்கு டி.எஸ்.என்., அதாவது தரவு மூலப் பெயர் என்று பெயர்.

அப்படியானால் துபாஷி ஏன் வாசலில் நிறுத்தப்பட்டார்? அதற்கு ‘32-பிட்’, ‘64-பிட்’ என்னும் சொற்களின் பொருளைச் சிறிது காண வேண்டும்.

கணினி தன் நினைவகத்திலுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணை முகவரியாக வைத்திருக்கிறது. அந்த எண்ணை எழுதுவதற்கு 32 கட்டங்கள் இருந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 மட்டுமே எழுதலாம் என்ற கணக்கில், மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள் கிடைக்கும். 4 ஜிகாபைட் என்று சொல்வது இதைத்தான். இன்டெல் நிறுவனத்தின் 80386 சில்லு 1985-இல் வந்தபோது இது கடலளவு பெரிதாகத் தோன்றியது. நாளடைவில் கடல் குளமாயிற்று. 2003-இல் ஏ.எம்.டி. நிறுவனம் ‘ஆப்டெரான்’ சில்லை வெளியிட்டு, பழைய நிரல்களை ஏற்றுக்கொண்டே 64 கட்டங்களில் முகவரி எழுதும் முறையைக் கொணர்ந்தது. இன்றைய விண்டோஸ் 11, 64-பிட் அளவில் மட்டுமே வெளிவருகிறது. விண்டோஸ் 10 வரை இருவகையும் உண்டு. எங்கள் பழைய கணினி 32-பிட், புதியது 64-பிட். அதில் நிறுவப்பட்ட எக்ஸெலும் 64-பிட்.

ரயிலில் ஊருக்குப் போய் வந்த நமக்கு இது எளிதில் விளங்கும். என் சிறுவயதில் தஞ்சாவூரிலிருந்து எழும்பூர் வரை மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். சென்னை சென்டிரலிலிருந்து டில்லிக்குப் புறப்படும் வண்டியோ அகலப் பாதையில் ஓடுவது. அதன் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். எழும்பூரில் இறங்கிப் பெட்டி படுக்கைகளுடன் சென்டிரலுக்குச் சென்று வேறு வண்டி ஏறுவோம். பயணிகள் மாறி ஏறலாம். ரயில் பெட்டி மாறி ஏற முடியாது. மீட்டர் கேஜ் பெட்டியை அகலப் பாதை வண்டியோடு கோப்பதென்பது எவராலும் ஆகாத காரியம்.

64-பிட் விண்டோஸ் என்பது மூன்றாவது தண்டவாளம் ஒன்றையும் சேர்த்துப் போட்ட பாதையைப் போன்றது. அதில் 64-பிட் நிரலும் ஓடும். 32-பிட் நிரலும் ஓடும். ஆனால் ஒரே வண்டியில் இருவகைப் பெட்டிகளையும் கோக்க இயலாது. டிரைவர் தனியே ஓடும் வண்டியன்று. தன்னை அழைத்த நிரலோடு கோக்கப்படும் பெட்டி. அந்நிரலின் நினைவகத்துக்குள்ளேயே வந்து அமர்ந்து, முகவரிகளைக் கைமாற்றிக்கொண்டு வேலை செய்கிறது. ஒருவர் 64 கட்டங்களில் எழுதிக் கொடுக்கும் முகவரியை 32 கட்டம் மட்டுமே உள்ளவர் எங்ஙனம் வாங்கிக்கொள்வார்? ஆகவே 64-பிட் நிரலுக்கு 64-பிட் டிரைவரும், 32-பிட் நிரலுக்கு 32-பிட் டிரைவரும் வேண்டும். பிழையின் வேர் இவ்வளவே.

வேர் இவ்வளவு எளிதாயிருக்க, மூன்று ஞாயிறுகள் எப்படிக் கழிந்தன என்று கேட்கலாம். பெயர்கள்தாம் எங்களை ஏமாற்றின. 64-பிட் விண்டோஸில் ஓ.டி.பி.சி. நிர்வாகத்துக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. இரண்டின் கோப்புப் பெயரும் ஒன்றே. அப்பெயரின் இறுதியில் ‘32’ என்னும் எண்ணும் உண்டு. ஒன்று ‘சிஸ்டம்32’ என்னும் அடைவில் இருக்கிறது. மற்றொன்று ‘சிஸ்வாவ்64’ என்னும் அடைவில் இருக்கிறது. பெயரைப் பார்த்து, முன்னது 32-பிட், பின்னது 64-பிட் என்று எண்ணுவது இயற்கை. உண்மை நேர்மாறானது. சிஸ்டம்32 அடைவில் இருப்பதே 64-பிட் கருவி. பழைய நிரல்கள் பல அந்த அடைவின் பெயரையே நம்பி எழுதப்பட்டிருந்தமையால், உள்ளிருக்கும் பொருள் மாறியும் பெயர்ப்பலகையை மாற்றவில்லை. சிஸ்வாவ்64 அடைவில் இருப்பவை, 64-பிட் விண்டோஸின் மேல் 32-பிட் நிரல்களை ஓட்டுவதற்கானவை.

எங்கள் இளைஞர் பெயரை நம்பிச் சிஸ்வாவ்64 அடைவிலிருந்த கருவியைத் திறந்தார். அங்கே அக்செஸ் டிரைவர் இருக்கக் கண்டார். அதைக் கொண்டு டி.எஸ்.என். அமைத்தார். கருவி யாதொரு ஆட்சேபணையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. 32-பிட் டிரைவருக்கு 32-பிட் பதிவு அமைந்தது. 64-பிட் எக்ஸெல் வந்து கேட்டபோதுதான் பெட்டி கோக்க மறுத்தது.

இதனினும் குழப்பம் தருவது ஒன்று உண்டு. தரவு மூலப் பெயரை ஒரு பயனருக்கு மட்டும் உரியதாகப் பதியலாம். கணினி முழுமைக்கும் பொதுவாகவும் பதியலாம். கணினிக்குப் பொதுவான பதிவேடு 32-பிட்டுக்கு ஒன்றும் 64-பிட்டுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இருக்கிறது. பயனருக்கு உரிய பதிவேடோ ஒன்றேதான். ஆகையால் பயனர் பெயரில் பதிந்தது இரு கருவிகளிலும் கண்ணுக்குத் தெரியும். தெரிகிறதே, ஆகவே வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறோம். தெரிவது வேறு, பொருந்துவது வேறு.

இவ்வகைப் பிழை பெரும்பாலும் இரண்டு செய்திகளில் ஒன்றாக வெளிப்படும். முன்னே சொன்ன ‘கட்டமைப்பில் பொருத்தமில்லை’ என்பது ஒன்று. அதன் குறி ஐ.எம்.014. ‘தரவு மூலப் பெயர் காணப்படவில்லை, இயல்பான டிரைவரும் குறிப்பிடப்படவில்லை’ என்பது மற்றொன்று, அதன் குறி ஐ.எம்.002. இரண்டாவது செய்தி, பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் வரும். எழுத்துப் பிழை இல்லையென்று உறுதியானால், பெயர் மற்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, பிழையைத் தேடும் முறையைக் கூறுகிறேன். முதற்காரியம், தரவுத்தளக் கோப்பை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது. எந்தச் சோதனையையும் அந்தப் படியின்மீதே செய்ய வேண்டும். பழைய கணினியை, அது எவ்வளவு தூசி படிந்திருந்தாலும், காரியம் முடியும்வரை வெளியே அனுப்பலாகாது.

இரண்டாவது, கேட்கும் நிரல் எந்த அளவினது என்று அறிவது. விண்டோஸ் எந்த அளவு என்பதைப் பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. 64-பிட் விண்டோஸில் 32-பிட் எக்ஸெல் இருக்கலாம். எக்ஸெலில் ‘ஃபைல்’, ‘அக்கவுன்ட்’, ‘அபவுட் எக்ஸெல்’ என்று வரிசையாகத் திறந்தால் மேல்வரியிலேயே அளவு எழுதியிருக்கும். வேறு நிரலாயின், ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் கருவியின் விவரப் பக்கத்தில் ‘பிளாட்ஃபார்ம்’ என்னும் பத்தியைச் சேர்த்துக் காணலாம்.

மூன்றாவது, அதே அளவுள்ள ஓ.டி.பி.சி. கருவியைத் திறந்து, டிரைவர்களின் பட்டியலில் நமக்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பது. இன்றைய விண்டோஸின் தேடற்பெட்டியில் ஓ.டி.பி.சி. என்று தட்டச்சு செய்தால், ‘32-பிட்’, ‘64-பிட்’ என்று அளவு குறித்தே இரு கருவிகளும் காட்டப்படும். அடைவின் பெயரை விட்டு இந்தக் குறிப்பை நம்புவதே நன்று.

நான்காவது, தரவு மூலப் பெயர் எந்தக் கருவியில் அமைக்கப்பட்டது என்று காண்பது. அதன் எதிரே அளவைக் காட்டும் பத்தி ஒன்று உண்டு. இந்த மூன்று அளவுகளையும், அதாவது நிரல், டிரைவர், டி.எஸ்.என். ஆகியவற்றின் அளவுகளை, ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாயிருந்தால் பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று வேறுபட்டால் நோய் தெரிந்துவிட்டது.

மருந்துகள் மூன்று. முதலாவது, நிரலுக்கு ஏற்ற டிரைவரை நிறுவுவது. அக்செஸ் கோப்புகளுக்கான 64-பிட் டிரைவரை மைக்ரோசாப்ட் 2010-ஆம் ஆண்டு வெளியீட்டிலிருந்து தந்து வந்திருக்கிறது. அதற்கு முந்திய ‘ஜெட்’ டிரைவர் 32-பிட்டில் மட்டுமே உண்டு. மை-எஸ்.க்யூ.எல்., ஆரக்கிள் முதலிய தரவுத்தளங்களுக்கும் இரு அளவிலும் டிரைவர்கள் உள்ளன. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: கணினியில் 32-பிட் ஆபீஸ் தொகுப்பு இருக்கும்போது 64-பிட் அக்செஸ் டிரைவரை நிறுவ முயன்றால், நிறுவும் நிரல் அதை மறுத்துவிடும். அவ்வாறு மறுப்பதைக் கண்டு குறுக்கு வழி தேடாமல், ஆபீஸின் அளவுக்கே திரும்பிப் பார்ப்பது நலம்.

இரண்டாவது மருந்து, டிரைவருக்கு ஏற்ப நிரலை மாற்றுவது. டிரைவரைச் செய்த நிறுவனமே மறைந்துபோய், 32-பிட் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால், 64-பிட் ஆபீஸை நீக்கிவிட்டு 32-பிட் ஆபீஸை நிறுவலாம். விண்டோஸை மாற்ற வேண்டியதில்லை. சிறு கடைக் கணக்கு, சங்கப் பட்டியல் போன்றவற்றுக்கு இதனால் குறையொன்றும் நேராது.

மூன்றாவது, எழும்பூரில் இறங்கிச் சென்டிரலில் ஏறும் வழி. பழைய கணினியில் பழைய நிரலைக் கொண்டே விவரங்கள் அனைத்தையும் எளிய எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, புதிய கணினியில் புதிய தரவுத்தளத்தில் ஏற்றுவது. பெட்டியை விட்டுவிட்டுப் பயணிகளை மட்டும் மாற்றுகிறோம். டிரைவரையே நம்பியிராத வழி இதுவே.

இதில் தமிழர்க்கென ஓர் எச்சரிக்கை உண்டு. எக்ஸெல் தாளைக் காற்புள்ளியிட்ட எழுத்துக் கோப்பாக, அதாவது சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது, சாதாரண சி.எஸ்.வி. என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடலாம். அவ்வாறு ஆன கோப்பிலிருந்து எழுத்தை மீட்க வழியே இல்லை. ‘சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8’ என்று தனியே குறிப்பிட்டிருக்கும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேமித்தபின் கோப்பை ஒருமுறை திறந்து, தமிழ் தமிழாகவே இருக்கிறதா என்று கண்ணால் கண்ட பிறகே பழையதை விட வேண்டும்.

எங்கள் நூலகத்தில் முதல் மருந்தையே கொடுத்தோம். 64-பிட் டிரைவரை நிறுவி, 64-பிட் கருவியில் டி.எஸ்.என். அமைத்தோம். அரைமணி நேரத்துக்கும் குறைவான வேலை. பொத்தானை அழுத்தினோம், வரிசைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பெரியவர் கண்ணாடியை அணிந்துகொண்டு நூல்களின் பெயரைப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பத்திக்குப் போனார். சில பெயர்களை வாய்விட்டுப் படித்தார். எவர் எந்தக் குடியிருப்பில் இருந்தார், எந்த ஆண்டில் மாற்றலாகிப் போனார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இளைஞர் தாமாகவே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து கேட்டார்.

அன்று மாலையே மூன்றாவது மருந்தையும் முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தோம். பட்டியல் முழுவதையும் யு.டி.எஃப்-8 எழுத்துக் கோப்பாக எடுத்து இரண்டு இடங்களில் வைத்தோம். இன்னொரு சிறு காரியமும் செய்தோம். கோப்பு எங்கே இருக்கிறது, எந்த நிரல் அதைப் படிக்கிறது, டிரைவர் எது, அளவு என்ன என்று நான்கு வரிகள் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பட்டியலைச் செய்த அன்பர் இந்த நான்கு வரிகளை விட்டுச் சென்றிருந்தால், மூன்று ஞாயிறுகள் மிஞ்சியிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. தாம் ஊருக்குத் திரும்பும் நாள் வரும் என்பதை நம்மில் யார்தான் வேலையின் நடுவே நினைக்கிறோம்?

உங்கள் ஊர்ச் சங்கத்திலும், சங்கம் நடத்தும் பள்ளியிலும், உங்கள் அலுவலகத்திலும் இத்தகைய பழைய கோப்பு ஒன்று இருக்கக்கூடும். புதிய யந்திரம் அதைப் படிக்க மறுத்தால், கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், துபாஷி பொருத்தமானவர்தாமா என்று ஒருமுறை பாருங்கள். பழைய கணினியை எடைக்குப் போட வந்தவரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். அதற்குள் விடை கிடைத்துவிடும்.